ஒரு ஃபயரிங் பின், மூன்று தராசு: துப்பாக்கிப் பழுது எப்போது ‘தயாரிப்பு’ ஆகிறது?

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், கேரள மண்ணில் இருக்கிறது என் லேத் பட்டறை. வருவதெல்லாம் மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் புஷ், மரை தேய்ந்த போல்ட். போன வருஷம் கடலைக் காட்டில் காய் பிடிக்கிற நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் முனை உடைந்த ஒரு எஃகு ஊசி, சுண்டுவிரலில் பாதி நீளம். தோட்டாவின் அடியில் குத்தி அதை வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்.

“தம்பி, இதே அளவுக்கு ஒண்ணு கடைஞ்சு குடுங்க. பன்னி விடிய விடியக் கடலையைத் தோண்டுது, துப்பாக்கி வெடிக்க மாட்டேங்குது.”

ஒற்றைக் குழல் துப்பாக்கி, லைசென்ஸ் உண்டு. 2022 மே மாதம் கேரள அரசு, காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அதன்பின் எங்கள் பஞ்சாயத்தில் சுடக் கூப்பிடுகிறவர்களில் இவரும் ஒருவர். துப்பாக்கியைக்கூட அவர் கொண்டுவரவில்லை, ஊசி மட்டும்தான். கடைசலாகப் பார்த்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் கை போகவில்லை. இது பழுதா, தயாரிப்பா?

இதே கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்கப் பழுதுக்காரர்கள் பல வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். அங்கேயே இரண்டு துறை இரண்டு பதில் சொன்னது. நம் சட்டம் மூன்றாவது பதில். அந்த ஊசியை மூன்று தராசிலும் வைத்துப் பார்த்தேன்.

முதல் தராசு: பொருள் யாருடையது?

அமெரிக்காவில் துப்பாக்கி உரிமங்களைப் பார்ப்பது ஏ.டி.எஃப். என்கிற அமைப்பு. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, துப்பாக்கி ரிப்பேரையும், குழல், கட்டை, விசைப் பகுதி ஆகியவற்றைச் செய்து பொருத்துவதையும் தொழிலாகச் செய்பவர் ‘டீலர்’ வகை. விற்பதற்காகச் செய்பவர்தான் ‘தயாரிப்பாளர்’. கோடு எங்கே என்றால், பெரும்பாலும் பொருள் யாருடையது, யார் கைக்குப் போகிறது என்பதில்தான். வாடிக்கையாளர் தன் துப்பாக்கியைக் கொண்டுவருகிறார், நீங்கள் என்னவோ செய்கிறீர்கள், அவரிடமே திரும்பக் கொடுக்கிறீர்கள்: அது பழுது. அதே வேலையை நீங்களே விலைக்கு வாங்கிய துப்பாக்கிகளில் செய்து, மாற்றி அமைத்து விற்கிறீர்கள்: அது தயாரிப்பு.

கை வேலை ஒன்றே, பெயர்தான் மாறுகிறது. மரத்தை நான் கொண்டுபோனால் ஆசாரிக்குக் கூலி, அவரே மரம் வாங்கிக் கட்டில் செய்து விற்றால் வியாபாரம் என்கிறோமே, அந்தக் கணக்கு.

உரிமக் கட்டணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டீலர் வகைக்கு முதல் மூன்று வருஷத்துக்கு 200 டாலர். தயாரிப்பாளர் வகைக்கு 150. தயாரிப்பாளராவதுதான் மலிவு! ஆனால் பின்னாலேயே வேலை வருகிறது. செய்த ஒவ்வொன்றிலும் தன் பெயரும் ஊரும் தொடர் எண்ணும் பொறிக்க வேண்டும். கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், நீளத் துப்பாக்கிக்கு 11 சதவீதம் கலால் வரி. வருஷத்துக்கு ஐம்பதுக்கும் குறைவாகச் செய்பவருக்கு மட்டும் அது விலக்கு. பழுதுக்காரருக்கோ, காத்திருந்து அன்றே வாங்கிப்போகும் துப்பாக்கியைப் பதிவேட்டில் ஏற்றவேகூட வேண்டாம்.

சரி, நம் ஊசி? அங்கே இந்தச் சட்டத்தின் கண்ணில் ‘துப்பாக்கி’ என்பது ரிசீவர் என்கிற உடற்பகுதிதான். ஃபயரிங் பின் வெறும் இரும்பு. கடைந்து கொடுத்தால் அது துப்பாக்கித் தயாரிப்பு ஆகாது.

இரண்டாவது தராசு: லேத் பட்டதா?

2016 ஜூலையில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஒரு விளக்கம் வெளியிட்டது. ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ் யாரெல்லாம் தயாரிப்பாளராகப் பதிவு செய்ய வேண்டும் என்ற பட்டியல் அதில் இருந்தது. பதிவுக் கட்டணம் அப்போது வருஷத்துக்கு 2,250 டாலர், ஒரு தோட்டாவைக்கூட ஏற்றுமதி செய்யாவிட்டாலும். சின்னக் கடைக்காரர்கள் அலறிவிட்டார்கள்.

கட்டணத்தை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைப் படித்தால், பட்டறைக்காரன் எனக்கு அது நன்றாகவே புரிகிறது. அளவுக்கு வந்த உதிரிப் பாகத்தை அறுக்காமல், துளையிடாமல், கடையாமல் அப்படியே மாற்றினால் பழுது. சாயம் ஏற்றுவது, எழுத்து வெட்டுவது தயாரிப்பு இல்லை. ஏற்கெனவே மரை உள்ள குழல்முனையில் ஒரு துணைக்கருவியைத் திருகினாலும் தயாரிப்பு இல்லை. திறன் கூடும்படி புதிதாக மரை வெட்டினால் தயாரிப்பு. தோட்டா அறையை வேறு அளவுக்குக் கடைந்தால் தயாரிப்பு. பாகங்களை உற்பத்தி செய்தாலும் தயாரிப்பு.

இந்தத் தராசில் நம் ஊசி இரண்டாகப் பிரிகிறது. கம்பெனி ஊசியை வாங்கி மாட்டினால் பழுது. என் லேத்தில் கடைந்தால், நான் படித்த வரையில், தயாரிப்புப் பக்கம் சாய்கிறது. மாட்டும் இடமும் பயனும் ஒன்றுதான், சுருள் சுருளாக விழும் இரும்புத்தூள்தான் வித்தியாசம். முதல் தராசு கேட்காத கேள்வியை இது கேட்கிறது. ஆனால் தெருமுனைக் கடைக்காரரையும் ஏற்றுமதிக் கம்பெனியையும் ஒரே வரிசையில் நிறுத்தியது அநியாயம். 2020 மார்ச் 9-க்குப் பிறகு, முழுத் தானியங்கி அல்லாத, .50 காலிபர் (குழல் விட்டம் அரை அங்குலம்) வரையிலான துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வர்த்தகத் துறைக்கு மாறியது. அந்தப் பதிவுச் சுமையும் அதோடு போனது.

மூன்றாவது தராசு: நம்முடையது

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கியைத் தயாரிக்க, விற்க, கைமாற்ற, மாற்றி அமைக்க, பழுது பார்க்க, சோதிக்கக் கூடாது. அமெரிக்கர்கள் வருஷக்கணக்காக மல்லுக்கட்டிய கோட்டின் இடத்தில் இங்கே காற்புள்ளிதான் இருக்கிறது. உரிமம் கேட்டுப் போனால் பழுதும் தயாரிப்பும் வேறு வேறு. மீறி மாட்டிக்கொண்டால் இரண்டும் ஒன்று. 2019 திருத்தத்துக்கு முன்னால் இதற்கு 3 முதல் 7 வருஷம். இப்போது குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள்.

இன்னும் இரண்டு இடம் என்னை உட்கார வைத்தது. ஒன்று, பழுது பார்க்கவென்று துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே அதே பிரிவில் குற்றம். மேஜையில் வாங்கி வைத்தாலே போதும், ஸ்குரூடிரைவரைத் தொட வேண்டியதில்லை. இரண்டாவது, ‘துப்பாக்கி’ என்ற சொல்லுக்கான விளக்கத்தில் அதன் பாகங்களும், தயாரிக்கும் இயந்திரங்களும் அடக்கம். அப்படியானால் அந்தத் தீப்பெட்டிக்குள் கிடந்தது வெறும் ஊசி இல்லை. நான் கடைந்திருந்தால், சட்டத்தின் சொற்படி, ஒரு துப்பாக்கியைத் தயாரித்தவன் ஆகியிருப்பேன். அவரிடம் லைசென்ஸ் இருந்ததே என்றால், அது வைத்திருப்பதற்கு. எனக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

(குழலை அறுத்துக் குட்டையாக்குவதில் மட்டும் இரு நாடும் ஏறக்குறைய ஒரே பேச்சு. இங்கே அதற்கென்றே 6-ஆம் பிரிவு, அதே தண்டனை. அங்கே ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும், துப்பாக்கி உங்களுடையதே ஆனாலும்.)

மூன்றில் எது மேல்? நியாயமாக எனக்குப் படுவது முதலாவது, தொழில்காரனாகப் புரிவது இரண்டாவது. நம்முடையதைக் கொடுமை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நாட்டுத் துப்பாக்கி பெரிய தொழிற்சாலையில் பிறப்பதில்லை, என் பட்டறை மாதிரி ஒரு இடத்தில்தான் பிறக்கிறது. பாகத்தை விட்டுவிட்டால் தினம் ஒரு பாகமாகச் செய்து முடித்துவிடுவார்கள். என் மனக்குறை வேறு. இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிற சட்டம், முறையாக வைத்திருக்கும் விவசாயி எட்டிப் போகிற தூரத்தில் உரிமம் உள்ள பழுதுக்காரர் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை.

எல்லைக்காரர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு. எங்களுக்குக் கோயம்புத்தூர்தான் கைக்கெட்டும் நகரம். ஆனால் துப்பாக்கி லைசென்ஸ் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். பெரியவரின் லைசென்ஸ் கேரளத்துக்குள் மட்டும். டீ குடிக்க தினம் தாண்டுகிற செக்போஸ்டை, துப்பாக்கியோடு தாண்ட முடியாது.

தீப்பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்தேன். “ஒரு ஊசிக்கா தம்பி இத்தனை?” என்றார். கோபம் இல்லை, நம்ப முடியாமல்தான் கேட்டார். மகனின் ஜீப்பில் துப்பாக்கியையும் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு, மாநிலத்துக்குள்ளேயே உரிமம் உள்ள ஒருவரைத் தேடிப் போனார். அங்கே லைசென்ஸைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, ரசீது கொடுத்தார்களாம். புது ஊசி போட்டு வாங்கிவரப் பதினெட்டு நாள். அதற்குள் மேற்குப் பக்கத்துக் கடலையைப் பன்றிகள் முடித்துவிட்டன.