ஆறு பேர், ஒரே ஐஸ் பாக்ஸ்: டோன்ட் ஸ்டார்வ் டுகெதரில் சாப்பாட்டை யார் கையில் விடலாம்?

டோன்ட் ஸ்டார்வ் டுகெதர் என்ற உயிர்பிழைக்கும் வீடியோ விளையாட்டில் ஆறு பேர் சேர்ந்து பேஸ் (முகாம்) போட்டால், முதலில் வருவது சாப்பாட்டுச் சண்டைதான். "நான் வைத்த கறியை யார் எடுத்தது?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் பாதி சர்வர் அன்றே காலி. எந்த ஏற்பாடு நல்லது என்று பார்க்கும் முன் கணக்கைப் போட்டுவிடுவோம்.

பெரும்பாலான கதாபாத்திரங்களுக்குப் பசி மீட்டர் நாளொன்றுக்கு 75 புள்ளி இறங்கும். ஆறு பேருக்கு 450. மீட்பால்ஸ் என்ற கறி உணவு ஒன்று 62.5 புள்ளி தரும், ஆக தினமும் ஏழெட்டு வேண்டும். குளிர்காலம் 15 நாள்: மொத்தம் 6,750 புள்ளி, சரியாக 108 மீட்பால்ஸ். மீட்டர் காலியானால் நொடிக்கு 1.25 உயிர் போகும். 150 உயிர் வைத்திருக்கும் கதாபாத்திரமான வில்சன் இரண்டே நிமிடத்தில் பேயாகிவிடுவார். பேயாக ஒருவர் சுற்றினால் மற்ற எல்லாருடைய மனநிலையும் சேர்ந்து இறங்கும். ஒருவர் பட்டினி கிடந்தால் அது ஊருக்கே வரும் நஷ்டம்.

நடைமுறையில் மூன்று ஏற்பாடுகள் உண்டு: எல்லாரும் போட்டு எல்லாரும் எடுக்கும் பொதுப் பெட்டி, ஆளுக்கொரு தனிப் பெட்டி, ஒரே சமையல்காரர் பொறுப்பு.

பொதுப் பெட்டி

செலவு குறைவு என்பதுதான் இதன் பெரிய பலம். ஐஸ் பாக்ஸ் செய்ய 2 தங்கம், 1 கட் ஸ்டோன், 1 கியர் போதும். ஒன்பது இடம் இருக்கும், உள்ளே வைத்தது பாதி வேகத்தில்தான் கெடும். முதல் பத்து நாளில் கியர் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் எந்த ஊரும் இப்படித்தான் தொடங்கும்.

கோளாறு மூன்று வழியில் வரும். முதலாவது, பந்திக்கு முந்துகிறவர் பெரியதை எடுப்பது. 150 வரை நிரம்பும் மீட்டர் 100-இல் இருக்கும்போது ஒருவர் மீட்டி ஸ்டூ என்ற பெரிய உணவைச் சாப்பிட்டால், அதன் 150 புள்ளியில் 100 வீண். மீட்டர் 87-க்குக் கீழே வந்த பிறகே மீட்பால்ஸைத் தொட வேண்டும். இதை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, மான்ஸ்டர் மீட், அதாவது அரக்கப் பிராணிகளின் கறி. சமையல் பாத்திரமான கிராக் பாட்டின் நாலு இடத்தில் ஒரு மான்ஸ்டர் மீட்டும் மூன்று பெர்ரியும் போட்டால் நல்ல மீட்பால்ஸ் வரும். பெட்டியில் கலந்து கிடப்பதைப் பார்க்காமல் இரண்டாகப் போட்டால் மான்ஸ்டர் லசான்யா. சாப்பிடுகிறவருக்கு உயிர் 20, மனநிலை 20 இறங்கும்.

மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: ஸ்டாக் சேர்ப்பது. ஒரே உணவின் இரண்டு குவியலைச் சேர்த்தால் புத்துணர்ச்சி சராசரியாகிவிடும். 90 சதவீதத்தில் 10 மீட்பால்ஸ் இருக்கிறது, யாரோ 30 சதவீதத்தில் இருக்கும் 30-ஐ அதன்மேல் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 45. ஐம்பதுக்குக் கீழே போனால் உணவு மஞ்சள் நிறத்துக்கு மாறும். பசிப் பயனில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும், 62.5 புள்ளி 41.7 ஆகிவிடும். நன்றாக இருந்த பத்தும் கெட்டதில் 208 புள்ளி நஷ்டம், ஓர் ஆளின் கிட்டத்தட்ட மூன்று நாள் சாப்பாடு. ஆனால் இதே விதி கைகொடுக்கவும் செய்யும். 90-இல் 20, 30-இல் 20 என்றால் சராசரி 60. நாற்பதும் முழுப் பயன் தரும். சேர்க்கும் முன் கூட்டிப் பார்க்கிற ஆள் ஒருவர் வேண்டும் என்பதே விஷயம். பொதுப் பெட்டியில் அந்த ஆள் இருப்பதில்லை.

தனிப் பெட்டி

கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் இந்த விளையாட்டில் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. பக்கத்தில் மினி சைன் நட்டு, ஃபெதர் பென்சிலால் படம் வரைந்து "இது இன்னாருடையது" என்று காட்டலாம், அவ்வளவுதான். ஆறு பெட்டிக்கு ஆறு கியர் வேண்டும். க்ளாக்வொர்க் என்ற எந்திர எதிரி ஒன்றைக் கொன்றால் இரண்டு கியர் விழும். அந்தச் சண்டைக்கு இறங்கும் முன் எத்தனை பேர் செத்து எழ வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரிய குறை வேறு. ஒருவரிடம் கறி குவியும், இன்னொருவரிடம் பெர்ரி அழுகும். மீட்பால்ஸுக்கு 0.5 கறி மதிப்பே போதும். ஒரு சின்னக் கறித்துண்டும் மூன்று துணைப்பொருளும் சேர்ந்தால் 62.5. துணைப்பொருள் ஒன்றே ஒன்று வைத்திருக்கும் ஆள் அதோடு மூன்று பெரிய கறியைக் கொட்டி ஒரு மீட்டி ஸ்டூ செய்து 150 எடுப்பார். அதே மூன்று கறியைப் பொதுவில் விட்டால், ஒரு பாட்டுக்கு ஒன்று என்று போட்டாலும் 187.5 கிடைக்கும்.

தனி ஏற்பாடு நியாயமாகும் இடம் கதாபாத்திர வேறுபாடு. விக்ஃப்ரிட் கறி மட்டுமே சாப்பிடுவார், வர்ட் கறியைத் தொட மாட்டார், வெப்பருக்கு மான்ஸ்டர் மீட் ஒன்றும் செய்யாது. டபிள்யூஎக்ஸ்-78 கெட்டதைச் சாப்பிட்டாலும் பயன் குறையாது. மஞ்சளானதையெல்லாம் அவருக்கு ஒதுக்கினால் வீணாவது பெருமளவு நின்றுவிடும். இதற்கு ஆறு பெட்டி வேண்டாம், ஒரு பெட்டியில் ஓரிரு இடம் ஒதுக்கினாலே போதும்.

ஒரே சமையல்காரர்

சமைத்த உணவின் புத்துணர்ச்சி, போட்ட பொருள்களின் சராசரியைப் பொறுத்தது. அதில் குறைந்திருப்பதில் பாதிதான் உணவில் குறையும். 40 சதவீதத்தில் இருக்கும் பொருளைப் போட்டால் உணவு 70-இல் வரும். கெடப்போகிறதை முதலில் பாட்டுக்குள் தள்ளும் ஆள் இருந்தாலே இந்தச் சலுகை ஊருக்குச் சேரும். மீட்பால்ஸ் வேக 15 நொடி. நாலு பாட் இருந்தால் 108-ஐ ஏழு நிமிடத்துக்குள் இறக்கிவிடலாம். விளையாட்டின் ஒரு நாள் 8 நிமிடம்.

சமையல் கலைஞர் கதாபாத்திரமான வார்லி இருந்தால் அவர்தான் சமையல்காரர் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவருடைய போர்ட்டபிள் பாட் வேகமானது, உண்மை. ஆனால் அவர் பசி 1.2 மடங்கு இறங்கும், சமைத்ததைத்தான் சாப்பிடுவார், அடுத்தடுத்து ஒரே உணவு என்றால் அவருக்குப் பயன் குறைந்துகொண்டே போகும். மீட்பால்ஸை மட்டுமே நம்பும் ஊரில் வார்லிக்குத்தான் கஷ்டம். பெர்ரி, முயல் பொறி என்று பேஸைச் சுற்றியே வேலை பார்க்கும் யாரும் இந்தப் பொறுப்பை ஏற்கலாம்.

இதன் ஓட்டை: சமையல்காரர் லாக்-அவுட் ஆனால் அடுப்பு அணையும். ஆகவே சமைத்ததில் ஆளுக்கு இரண்டு மீட்பால்ஸ் எப்போதும் கையில் இருக்கட்டும்.

எங்கள் தேர்வு கலவைதான்: பச்சைப் பொருள் பொது, சமையல் ஒருவர் கையில், சமைத்தது எண்ணிக் கொடுப்பது. பெட்டிகளையும் அதற்கேற்பப் பிரிக்க வேண்டும். பச்சைக் கறி 6 நாளில் கெடும். ஐஸ் பாக்ஸில் 12, சால்ட் பாக்ஸில் 24. சால்ட் பாக்ஸ் சமைத்ததை ஏற்காது, எனவே கிடைத்ததும் அதைப் பச்சைப் பொருளுக்கு விட்டுவிட்டு ஐஸ் பாக்ஸைச் சமைத்ததற்கு வைத்துக்கொள்ளுங்கள். மீட்பால்ஸ் அதில் 20 நாள் நிற்கும். குளிர்காலம் தொடங்கும் முன் 20-ஆம் நாள் சமைத்தது அது முடியும்வரை வரும். பியரோகி என்ற உணவு அதே பெட்டியில் 40 நாள் தாங்கும், 40 உயிரும் தரும். அதைச் சண்டைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள். 108-க்கு 324 துணைப்பொருள் வேண்டும் என்பது மலைப்பாகத் தெரியும். பெர்ரி போதாதபோது ஐஸ் போடலாம். ஐஸ் பாக்ஸுக்குள் அது உருகாது.

பீ குவீன் என்ற பெரிய எதிரியை வீழ்த்தி, பொருள்களைக் கட்டி வைக்கும் பண்ட்லிங் ராப் செய்யக் கற்ற பிறகு கதையே மாறும். ஒரு மெழுகுத்தாள், ஒரு கயிறு. நாலு ஸ்டாக் உள்ளே போகும், கெடுவது முற்றிலும் நிற்கும். சமைத்த உணவு 40 வீதம் அடுக்கினால் ஒரே கட்டில் 160. பிரித்தால் மெழுகுத்தாள் திரும்பக் கிடைக்கும், கயிறு மட்டும் புதிதாக வேண்டும். குகைக்குள் இறங்கும் அணிக்கு ஒரு கட்டு கொடுத்துவிட்டால் அவர்கள் மேலே உள்ள பெட்டியைத் தொடவே தேவையில்லை.

எல்லாப் பெட்டியையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். டியர்க்ளாப்ஸ் என்ற ராட்சத மிருகம் வந்து ஐஸ் பாக்ஸை உடைத்தால் உள்ளே இருந்தது தரையில் கொட்டும், தரையில் ஒன்றரை மடங்கு வேகத்தில் கெடும், வேட்டை நாய்கள் கறியைத் தின்றுவிடும். இரண்டாவது பெட்டி ஒரு திரை தள்ளியாவது இருக்கட்டும்.