போட் மெயிலில் ராமேஸ்வரம்: வண்டிக்கு நல்ல மார்க், வரலாற்றுக்குக் குறைவு

போட் மெயில் சென்னை–ராமேஸ்வரம் இரவு ரயில். எழும்பூரில் மாலை ஏறினால் காலையில் ராமேஸ்வரம். கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் போட் மெயிலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாம்பன் கடல் பாலத்துக்காகவும் அந்தப் பழைய பேருக்காகவும் டிக்கெட் எடுக்கிறவர்களுக்குத்தான் ஏமாற்றம். பாம்பன் வரும்போது பாதிப் பெட்டி போர்வைக்குள் இருக்கும். மார்கழியில் வண்டி நேரத்துக்கு வந்துவிட்டால் வெளியே இருட்டுதான்.

பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மதுரையிலிருந்து பகல் பாசஞ்சர். 161 கிலோமீட்டர், முன்பதிவு வேண்டாம். மண்டபம் தாண்டும்போதே ஜன்னலில் தயாராக இருங்கள். பழைய பாலத்தில் ஊர்ந்து போன காலம் முடிந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 75 கி.மீ. வேகம் வரை அனுமதி, நடுவில் தூக்குப் பகுதியில் மட்டும் 50. செல்போனை எடுத்துக் கேமராவைத் திறப்பதற்குள் தீவு வந்துவிடும். கப்பலுக்கு வழிவிட அந்த 72.5 மீட்டர் துண்டு மோட்டாரில் அப்படியே 17 மீட்டர் மேலே எழும்பும். பழையதில் இரண்டு இறக்கைகளை ஆட்கள் பல்சக்கரம் சுற்றித்தான் விரித்தார்கள். காற்று 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சிக்னல் விழாது, வண்டி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டை நெருக்கிப் போட வேண்டாம்.

இந்த லைன் கோயிலுக்காகப் போட்டதில்லை, கப்பலுக்காகப் போட்டது. 1902-இல் மண்டபத்தோடு நின்ற மீட்டர்கேஜ், 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறந்ததும் தீவுக்குள் வந்தது. அதுவரை தூத்துக்குடி போய்க் கொழும்புக்குக் கப்பல் ஏறியவர்கள், அதன்பின் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் சுமார் 35 கிலோமீட்டர் கடந்து, தலைமன்னாரில் அடுத்த ரயில் பிடித்தார்கள். ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை. போட் மெயில் என்ற பேர் அப்படி வந்ததுதான். அன்று பாம்பன் ஒரு ஜங்ஷன்: ஒரு கிளை ராமேஸ்வரத்துக்கு, ஒன்று தனுஷ்கோடிக்கு. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்து நோய்ச் சோதனை முடித்த பிறகே கப்பலுக்கு விட்டார்கள். சொகுசுப் பயணக் கதைகளில் இது வருவதே இல்லை.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சரைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. பாலத்தைத் தாங்கிய 145 கர்டர்களில் (இரும்பு உத்திரங்களில்) 126 போயின. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் எழுந்தது. தனுஷ்கோடி லைனை மட்டும் திரும்பப் போடவில்லை.

தனுஷ்கோடி ஸ்டேஷனின் மிச்சச் சுவர்களைப் பார்க்க ராமேஸ்வரத்திலிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துக் காலையிலேயே போய்விடுங்கள். மாலையில் செக்போஸ்ட்டில் திருப்பிவிடுவார்கள். நிழல் கிடையாது, தண்ணீர் கையில் இருக்கட்டும்.

தூங்க 5-க்கு 4, பார்க்க 2. போகும்போது பகல் பாசஞ்சர், திரும்பும்போது போட் மெயில் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.