பழைய மலையேற்றக் கருவிகளை விற்றுத் தரும் ஒரு கடை

சியாட்டிலின் பாலார்டு பகுதியில், மலையேற்றக் கருவிகளையும் பனிச்சறுக்குக் கருவிகளையும் விற்ற விலையில் ஒரு பங்கைத் தரகாக எடுத்துக்கொண்டு விற்றுத் தரும் கடையொன்றுக்கு, சென்ற அக்டோபரில் என் பழைய பொருள்களைக் கொண்டு சென்றேன். காஸ்கேட் மலைகளில் பனி விழத் தொடங்கும் அந்தப் பருவத்தில்தான் சறுக்குப் பலகைகளுக்கு ஆள் வருகிறது.

கண்டிப்புதான் இக்கடையின் சிறப்பு. பிரிக்காமலே 12 ஆண்டுகள் கிடந்த என் கயிற்றை அவர்கள் தொடவே இல்லை. பயன்படுத்தாவிட்டாலும், நைலான் பொருள்களுக்கு உற்பத்தி நாளிலிருந்து 10 ஆண்டுகளையே உச்ச வரம்பாகத் தயாரிப்பாளர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள். கயிற்றைப் பிணைக்கப் பாறை வெடிப்புகளில் செருகும் கேம் என்ற பிடிப்புக் கருவிகளை, சுருள்வில்லையும் இழுகம்பியையும் பலமுறை இயக்கிப் பார்த்து, துணிப்பட்டையை மாற்ற வேண்டும் என்ற குறிப்போடு ஏற்றனர். பனிச்சரிவில் புதைந்தவரை வானொலி அலையால் தேட உதவும் டிரான்ஸீவர் கருவி ஒன்றும் இருந்தது. ஒற்றை ஆன்டெனா கொண்ட அந்தப் பழைய கருவியை, இத்தகைய கருவிகளின் பொது அலைவரிசையான 457 கிலோஹெர்ட்ஸிலேயே அது இன்றும் இயங்கினாலும், திருப்பித் தந்துவிட்டனர். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று அது சரியெனவே படுகிறது.

சறுக்குப் பலகையில்தான் பேரம் நீண்டது. காலணியைப் பலகையோடு பூட்டும் பிணைப்பை மாற்றிப் பொருத்த இருமுறை துளையிடப்பட்ட பலகையில் மூன்றாம் முறைக்கு இடம் குறைவு என்பதால், விலை பாதியாகச் சரிந்தது. ஏற்றத்தில் வழுக்காமலிருக்கப் பலகையின் அடியில் ஒட்டும், அதன் அகலத்துக்கு வெட்டிய ஏறுதோல்களைப் பலகையோடு சேர்த்தே விற்றது நல்ல யோசனை.

பணம் வருவதற்குத்தான் ஏழு வாரங்கள் ஆயின. நான் இருமுறை கேட்ட பிறகே காசோலை வந்தது.