இரண்டாவது சீட்டு

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலை, திருச்சி தில்லைநகரில் ஒரு மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணி ஒருத்தி தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்ததை யாராவது பார்த்திருந்தால், அது நான்தான். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் யார்மீது கோபம் என்பதில் தெளிவில்லாமல் போய்விட்டது.

நான் இருப்பது இங்கிலாந்தின் லெஸ்டரில். என் மகனுக்கு ஏடிஹெச்டி எனும் கவனக்குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு படிவம் கொடுத்தார்கள். அவனைப் பற்றிக் கேட்டிருந்த ஒவ்வொரு கேள்வியும் என்னையே விசாரிப்பதுபோல் இருந்தது. என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் வரிசையில் எனக்கும் பெயர் கொடுத்தேன். ஆண்டுக்கணக்கில் ஆகும் என்றார்கள். கடைசியில் ஆயிரம் பவுண்டுக்கு மேல் கட்டித் தனியாரிடம் போனேன். சந்தேகமே இல்லை என்று சொல்லி, அதற்கான மெத்தில்பெனிடேட் மாத்திரையைத் தொடங்கினார்கள்: மெதுவாகக் கரையும் 18 மி.கி., பிறகு 36. முப்பத்தாறில் நெஞ்சு படபடத்ததால் 27க்கு இறக்கினார்கள். ஒவ்வொரு வாரமும் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை மூன்றையும் இணையப் படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். பத்து நாள் கழித்து முகம் தெரியாத ஒருவர் ‘தொடரவும்’ என்று ஒற்றைச் சொல் எழுதுவார். மருந்துச் சீட்டு இளஞ்சிவப்புத் தாளில் தபாலில் வரும். 28 நாள் தாண்டினால் அது செல்லாது. 2023 செப்டம்பரில் இந்த மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்ததே, அந்தக் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

அம்மாவின் கண்புரை அறுவைக்காக மூன்று வாரப் பயணமாக ஸ்ரீரங்கம் வந்தேன். கையில் முப்பது நாள் மாத்திரை. ஒரு கண் முடிந்ததும், அடுத்த கண்ணையும் நீ இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்றார் அம்மா. மூன்று வாரம் எட்டு வாரமானது. லெஸ்டர் மருத்துவமனைக்கு எழுதினேன். வெளிநாட்டுக்கு மருந்து அனுப்ப இயலாது, உள்ளூர் மருத்துவரை அணுகவும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலும் பத்தாவது நாளில்தான் வந்தது. காணொளியில் ஒரு மருத்துவரைப் பார்த்து வேலையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இந்த வகை மருந்தைத் தொலைமருத்துவத்தில் எழுதக் கூடாது என்று இந்தியாவின் 2020ஆம் ஆண்டு நெறிமுறை தடுக்கிறது. நேரில்தான் போக வேண்டும்.

மனநல மருத்துவரிடம் இரண்டே நாளில் நேரம் கிடைத்தது. லெஸ்டரில் எனக்குத் தெரிந்த யாரும் இதை நம்பமாட்டார்கள். ஊரில் இருப்பவர்களிடம் சொன்னால், இரண்டு நாளா, ஏன் அவ்வளவு தாமதம் என்பார்கள்.

லெஸ்டரில் கொடுத்திருந்த ஆங்கிலக் கடிதத்தை அவர் முழுதாகப் படித்தார். படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். “நான் எழுதிக் கொடுக்கும் மருந்துக்கு நானும் ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா?” என்றார். எனக்கு எரிச்சல். இதற்காக அங்கே மூன்று மணி நேரம் பதில் சொன்னவள் நான். ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லை. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் திரும்பினார்.

“அம்மா, இவர் சின்ன வயதில் டிபன் பாக்ஸ் தொலைப்பாரா?”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் ஏழு, டாக்டர். ஒரு நாள் புத்தகப் பையையே பஸ்ஸில் விட்டுவிட்டு டிபன் பாக்ஸை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்தாள். அரிசி வாங்கிவரச் சொன்னால் கடைவாசலில் எறும்பு பார்த்துக்கொண்டு நிற்பாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு…” இருபது நிமிடம் நிற்காத மழை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்பதுதான் இந்தப் பரிசோதனையில் முக்கியமான கேள்வி. லெஸ்டரிலும் அதைக் கேட்டார்கள், பெற்றோர் நிரப்ப வேண்டிய படிவமாக. ‘அடிக்கடி’, ‘சில நேரம்’, ‘ஒருபோதும் இல்லை’ என்று ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் மொழிபெயர்த்துக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்று சாதித்தவர் இதே அம்மாதான். வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் அப்போது சொல்லவில்லை என்று. “என் பெண்ணைப் பற்றி வெள்ளைக்காரனிடம் குறை சொல்வேனா?” என்றார்.

மருத்துவர் என் ரத்த அழுத்தத்தைத் தானே பார்த்தார், இரண்டு முறை. இருபத்தேழு இங்கே கிடைப்பது சிரமம் என்றார். அப்படியானால் முப்பத்தாறைப் பாதியாக உடைக்கலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது, மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைத்தால் அது மெதுவாகக் கரையாது என்றார். காலையில் 18, மதியம் ஒரு மணிக்கு உடனே கரையும் 10 மி.கி. மாத்திரையில் பாதி, அதை உடைக்கலாம், ஒரு வாரம் கழித்து வாருங்கள். இவ்வளவுதான். மதியத்தில் மருந்தின் பிடி தளர்ந்து வரும் சரிவைப் பற்றி லெஸ்டரில் நான்கு படிவங்களில் எழுதியிருந்தேன். ஒருவரும் இந்த அரை மாத்திரையைச் சொல்லவில்லை.

ஆகவே நல்ல மனநிலையில்தான் மருந்து வாங்கப் போனேன். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். முதல் நான்கு கடைகளில் சீட்டைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில், நான் கஞ்சாப் பொட்டலம் கேட்டுவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஐந்தாவது கடையில் மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திப் போட்ட ஒரு பெரியவர் இருந்தார். “இருக்கிறது” என்றார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், “இன்னொரு சீட்டு எங்கே?”

எந்த இன்னொரு சீட்டு? கட்டுப்பாடு அதிகமுள்ள எக்ஸ் அட்டவணை மருந்தம்மா, சீட்டு இரண்டு வேண்டும், ஒன்று என்னிடம் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்றார். அவ்வளவுதானே, இதோ என்று நான்கு கடை தள்ளியிருந்த ஜெராக்ஸ் கடைக்கு நடந்தேன். பாதியில் மின்சாரம் போனது. வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று நகல் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, பெருமையாக நீட்டினேன்.

பெரியவர் மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது மூன்றும் ஜெராக்ஸ். அசல் எங்கே?”

அசல் ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடிக்கு அடியில் இருந்தது. ஓடினேன். அதற்குள் அந்தப் பையன் வேறொருவரின் ரேஷன் அட்டையை அதன் இடத்தில் வைத்துவிட்டு, என் சீட்டைச் சுவரில் ஒரு கிளிப்பில் மாட்டியிருந்தான். அந்தக் கிளிப்பில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேருடைய தாள்கள் தொங்கிக்கொண்டிருந்தன. “தினமும் விட்டுவிட்டுப் போவார்கள், அக்கா” என்றான். இத்தனை பேருக்கா என்று ஒரு கணம் மனம் தேறியது.

மூச்சிரைக்கத் திரும்பினேன். பெரியவர் கேட்டார்: “மாத்திரை யாருக்கு, உங்களுக்கா?” ஆம் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி.

ஆனால் ஜெராக்ஸ் செல்லாது. மருத்துவரே இரண்டாவதையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்போதுதான் என் பொறுமை அறுந்தது. எல்லோரும் எத்தனையோ முன்னேறியிருக்கும்போது இன்னும் காகிதம், காகிதம் என்று அலையவிடுகிறீர்களே, எங்கள் ஊரில் இப்படியா என்று ஆரம்பித்தேன். “எங்கள் ஊர் என்றால் எது?” என்றார். சொன்னேன். “அங்கே எப்படித் தருவார்கள்?” என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். இளஞ்சிவப்புத் தாள், தபால், 28 நாள். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

மருத்துவமனைக்குத் திரும்பிய கதையைச் சுருக்கிவிடுகிறேன். டோக்கன் கொடுக்கும் பெண் காத்திருப்போர் அனைவருக்கும் கேட்கும்படி என் மருந்தின் பெயரை வாசித்தார். நாற்பது நிமிடம். மருத்துவர், மறந்துவிட்டேன் என்று நெற்றியில் தட்டிக்கொண்டு இரண்டாவதை எழுதினார். மருத்துவருக்கே மறதி என்பது எனக்கு ஏனோ மிகவும் பிடித்திருந்தது.

கடையை மூடும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். பெரியவர் காத்திருந்தார். சரிபார்த்தார். விலாசம் இல்லையே என்றார். எந்த விலாசத்தைச் சொல்ல? பாஸ்போர்ட் பிரிட்டிஷ், வீடு லெஸ்டர், அம்மா ஸ்ரீரங்கம். விழித்தேன். “மாத்திரை எந்த வீட்டில் இருக்கும்?” என்று கேட்டார். ஸ்ரீரங்கத்து விலாசத்தைச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு முன்பு பள்ளிப் படிவங்களில் எழுதிய அதே கதவு எண். அவர் பேரேட்டில் ஏற்றி முடிக்கும்வரை பேசாமல் நின்றேன்.

அடுத்த ஐந்து வாரங்கள் மருந்தைப் பற்றி நினைக்கவே நேர்ந்ததில்லை. ஒவ்வொரு வாரமும் போனேன், பார்த்தார், எழுதினார், இரண்டாக.

இப்போது லெஸ்டரில் இருக்கிறேன். வேறொரு மருத்துவர் அளவை மாற்றியிருப்பதால் எங்கள் திட்டத்தில் மறுபடியும் 18இலிருந்து தொடங்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்று இங்கே எழுதியிருக்கிறார்கள். அந்த மதிய அரை மாத்திரையை விளக்கி நீளமாக ஒரு கடிதம் போட்டேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது: பரிசீலிக்கலாம், இந்திய மருந்துச் சீட்டின் பிரதியை அனுப்பவும்.

ஒன்று தில்லைநகரில் அந்தப் பெரியவரிடம் இரண்டு ஆண்டுகள் பத்திரமாக இருக்கும். என்னுடையதைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.