பாழடைந்த கடல்நீர் மீன்தொட்டி: படிப்படியாகத் தேற்றுவதா, கலைத்துத் தொடங்குவதா?

பல மாதங்கள் கவனிப்பாரின்றிக் கிடந்த கடல்நீர்த் தொட்டியை மீட்க இரண்டு வழிகள் உள்ளன: நீரைச் சிறிது சிறிதாக மாற்றித் தேற்றுவது ஒன்று, எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது மற்றொன்று.

உள்ளே ஒரு மீனாவது உயிரோடு இருந்தால், நான் முதல் வழியையே வற்புறுத்துவேன். நீர் ஆவியானாலும் உப்பு தங்கிவிடுவதால், 1.025 அளவில் இருக்க வேண்டிய ஒப்படர்த்தி (நீரின் உப்புச் செறிவைக் காட்டும் அளவு) 1.030-ஐயும் தாண்டியிருக்கலாம், கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் ஏறியிருக்கும், காரத்தன்மை இறங்கியிருக்கும். அந்த நீருக்கே உடம்பைப் பழக்கிக்கொண்டு ஒரு மூலையில் மெல்லத் துடுப்பசைத்துக்கொண்டிருக்கும் கோமாளி மீனை ஒரே நாளில் புதுநீருக்கு மாற்றினால், அது அந்த அதிர்ச்சியிலேயே இறந்துபோகக்கூடும். வாரத்திற்குப் பத்து விழுக்காடு நீரை மாற்றி, ஆவியாகும் அளவை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் நிரப்பி வந்தால், உப்பின் அளவு பதறாமல் இறங்கும். இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

மீன்கள் எல்லாம் இறந்துவிட்ட தொட்டிக்கு இரண்டாம் வழியே பொருந்தும். அடிமணல் கறுத்து, நீரை உறிஞ்சும் குழாய் பட்டதும் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தால், அது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு. அம்மணலை நீக்கிவிடுவதே நல்லது. ஆனால் பாறைகளைக் குழாய்நீரில் கழுவக் கூடாது. அந்நீரிலுள்ள குளோரின், பாறைகளில் வாழ்ந்து கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். பிறகு அவை மீண்டும் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். 200 லிட்டர் தொட்டியை நிரப்ப ஏறத்தாழ 7 கிலோ கடலுப்புக் கலவையும் தேவைப்படும்.