ராட்டெல்லா, ரோய்காட்டா?

ராட்டெல், ரோய்காட் என்ற இரண்டு தென்னாப்பிரிக்கக் கவச வண்டிகளில் எதை ரிமோட் மாதிரியாகக் கட்டலாம் என்று டர்பனின் சாட்ஸ்வொர்த்துத் தம்பிமார் கேட்டால் நான் தயங்காமல் சொல்வது: முதல் ரிமோட் கவச வண்டி ராட்டெலாகவே இருக்கட்டும். முன்னே ஒன்று, பின்னே இரண்டு என மூன்று முழு அச்சுகள். ரிமோட் லாரிகளுக்கு விற்கும் அச்சுகளே போதும். ஆனால் முன் அச்சும் இயங்கும் வகையைப் பார்த்து வாங்குங்கள். 1:16 அளவில் நீளம் சுமார் 45 செ.மீ. உடல் பெரும்பாலும் தட்டையானது, 2 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தகட்டில் வெட்டிவிடலாம்.

ரோய்காட் அப்படி மசியாது. எட்டுச் சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும், முன் நான்கும் திரும்பும். இரண்டாம் வரிசை முதல் வரிசையைவிடக் குறைவாகத் திரும்ப வேண்டும். சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான செர்வோவின் கையில், உள் துளையில் இரண்டாம் வரிசையின் கம்பியை மாட்டினால் திருப்பம் குறையும். இல்லாவிட்டால் டயர்கள் புல்லைச் சீவிக்கொண்டே போகும். மூட்டுத் தண்டுகள் வாங்குவதற்குள் பணப்பை இளைத்துவிடும். ஆனாலும் அந்தத் தாழ்ந்த முகமும் 76 மி.மீ. பீரங்கியும் கண்ணைப் பறிக்கும்! 1:16 அளவில் குழலின் உள்விட்டம் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பித்தளைக் குழாய் பொருந்தும்.

எதைக் கட்டினாலும் டர்பன் வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவைக்காதீர்கள், ஸ்டைரீன் வளைந்துவிடும்.