டிஸ்க் வளையமா, 96 குழித் தட்டா? மூலிகைச் சாற்றைச் சோதிக்க எது சரி

பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களின் திட்டப்பணிகளுக்குத் துணை நிற்பது என் வேலை. தேக்கா சந்தையில் வாங்கிய வெற்றிலை, மஞ்சள், வேப்பிலை என்று வருஷா வருஷம் யாராவது ஒன்றைக் கொண்டுவந்து, இது கிருமியைக் கொல்லுமா என்று கேட்பார்கள். கைவசம் இரண்டு வழிகள் உண்டு: சாற்றில் நனைத்த சிறு காகித டிஸ்க்கைக் கிருமி தடவிய தட்டில் வைப்பது ஒன்று, 96 சிறு குழிகள் உள்ள தட்டில் சாற்றைத் திரவத்தில் நீர்த்துப் பார்ப்பது மற்றொன்று. இந்த ஆண்டிலிருந்து, அறிக்கையில் ஏறும் எண்கள் எல்லாம் 96 குழித் தட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

டிஸ்க் முறை பலருக்கும் தெரிந்ததே. 4 மி.மீ. கனத்தில் முல்லர்-ஹின்டன் அகார் (பாக்டீரியாவை வளர்க்கும் கூழ்), அதன்மேல் பஞ்சுக்குச்சியால் தடவிய பாக்டீரியா, 6 மி.மீ. டிஸ்க், 35 டிகிரியில் ஓர் இரவு. மறுநாள் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராமல் இருக்கும் வளையத்தை அளந்தால் முடிந்தது. செலவு குறைவு, கைப்பழக்கமும் சீக்கிரம் வந்துவிடும். வேறு கிருமி கலந்திருந்தால் தட்டிலேயே கண்ணில் படும். வளையத்துக்குள் தனியாக முளைத்து நிற்கும் எதிர்ப்புக் காலனிகளும் தெரியும். குழித் தட்டில் இதைப் பார்க்க வழியில்லை. அதனால் முதல் கட்டச் சோதனைக்கு டிஸ்க்கை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த வளையம் எதைச் சொல்கிறது? மருந்தின் வீரியத்தை மட்டும் அல்ல. அகாருக்குள் அது எவ்வளவு தூரம் ஊறிப் பரவியது என்பதும் அந்த மில்லிமீட்டரில் சேர்ந்தே இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையவே மறுக்கும். டிஸ்க்கை எடுத்துப் பார்த்தால் அடியில் மஞ்சள் கறை அப்படியே அப்பிக்கிடக்கும், சுற்றிலும் கிருமி தாராளமாக வளர்ந்திருக்கும். பக்கத்து டிஸ்க்கில் வெற்றிலைச் சாறு அழகான வளையம் போட்டிருக்கும். வெற்றிலைதான் வலுவானது என்று மாணவர் எழுதிவிடுவார். அந்தத் தட்டை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது.

இது மூலிகைக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக் பெரிய மூலக்கூறு, அகாரில் சரியாகப் பரவாது. அதற்கு டிஸ்க்கை நம்ப வேண்டாம், திரவ நீர்த்தல் முறையையே பயன்படுத்துங்கள் என்று அமெரிக்க, ஐரோப்பியத் தர அமைப்புகள் 2016இல் சேர்ந்தே பரிந்துரைத்தன. ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு டிஸ்க் செல்லுபடியாவதற்குக் காரணம், இத்தனை மி.மீ. என்றால் இத்தனை செறிவு என்று ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக ஒப்பிட்டு அட்டவணை போட்டிருக்கிறார்கள். வெற்றிலைச் சாற்றுக்கு அப்படி ஓர் அட்டவணை எங்கே இருக்கிறது?

குழித் தட்டில் பரவும் பிரச்சினையே இல்லை. சாற்றைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5 லட்சம் பாக்டீரியா விட வேண்டும். மறுநாள் கலங்காமல் தெளிவாக நிற்கும் குழிகளில் ஆகக் குறைந்த செறிவு எதுவோ, அதுவே எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் ஆகக் குறைந்த செறிவு. தெளிந்த குழிகளிலிருந்து எடுத்து வெறும் அகாரில் பரப்பினால், சாறு கிருமியைக் கொன்றதா, வளரவிடாமல் நிறுத்திவைத்ததா என்பதும் தெரிந்துவிடும். மாணவர் முதலில் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

இதிலும் தொல்லை உண்டு. பச்சைச் சாறு கலங்கலை மறைத்துவிடும். ரெசசூரின் சாயம் விட்டால், உயிருள்ள பாக்டீரியா இருக்கும் குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். ஆனால் சில சாறுகள் பாக்டீரியா இல்லாமலேயே அந்த நிறத்தை மாற்றிவிடும், ஆகையால் சாறும் சாயமும் மட்டும் உள்ள குழி ஒவ்வொரு தட்டிலும் கட்டாயம் வேண்டும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால் அது மட்டும் உள்ள குழியும் வேண்டும். வாசனை எண்ணெய்களில் எனக்கு அனுபவம் குறைவு. அவை திரவத்திலும் மேலே மிதந்து தொல்லை தரும் என்பதால் அங்கே இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பல குழிகளில் ஒரே சமயத்தில் திரவம் விடும் பல்முனை பைப்பெட் இல்லாத பள்ளிகள் டிஸ்க்குக்குத் திரும்ப வேண்டியதில்லை. இதே நீர்த்தலைச் சாதாரண சோதனைக் குழாய்களில் செய்யலாம். சாறு கூடுதலாகச் செலவாகும், இடமும் அடைக்கும், ஆனால் கிடைக்கும் எண் அதே எம்ஐசிதான்.